கிட்டக் கம்பம் பற்றிய சுற்றுநிருபம்

கண்டியிலிருந்து மடவளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், பாதி வழியில் ஒரு விளையாட்டுத் திடலும் அதைவிடப் பெரிய ஒரு கட்டடமும் தெரியும். திடல் உதைபந்தாட்டம் ஆடுவதற்கு. கட்டடம் உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கூட்டம் போடுவதற்கு. இரண்டும் மலைச்சாரல் விளையாட்டு முன்னேற்றச் சபைக்குச் சொந்தம். சபை தொடங்கிய காலத்திலிருந்து கட்டடத்தில் மாடி ஏறிக்கொண்டும் திடலில் புல் குறைந்துகொண்டும் வந்திருக்கின்றன. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. புல்லுக்குப் பொறுப்பாக உத்தியோகத்தர் எவரும் நியமிக்கப்படவில்லை.

மோகனராஜ் அந்தத் திடலில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன். அமைய ஊழியன். அதாவது வேலை செய்த நாளுக்குச் சம்பளம் உண்டு, மழை பெய்த நாளுக்கு இல்லை. கண்டி மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தெல்தெனியப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவன். சபையின் அணிக்குக் கோல் காப்பாளனும் அவன்தான். அவன் கைக்குள் வந்த பந்து வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. சபையின் அணியில் ஒழுங்காக ஆடும் அமைய ஊழியருக்கு என்றாவது நிரந்தர நியமனம் கிடைக்கும் என்று ஒரு விதி இருந்தது. நிரந்தரமானால் சபைக் குடியிருப்பில் ஒரு வீடு. அப்போது அவனும் மனைவி டிலானியும் கைக்குழந்தைப் பருவம் தாண்டிக்கொண்டிருந்த மகள் கஜனியும் ஒழுகும் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். வருட முடிவில் அதைக் காலி பண்ண வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஆகவே அந்த வருடம் அவனுக்கு வேண்டியிருந்தது அந்த நியமனம் ஒன்றுதான்.

அதே வருடம்தான் மேலிடத்திலிருந்து சபைக்கு ஓர் உத்தரவு வந்தது. விளையாட்டை டிஜிட்டல் மயப்படுத்த வேண்டுமாம். உத்தரவோடு சில பெட்டிகளும் வந்தன. அவற்றுக்குள் பெரிய திரைகளும் கையில் பிடித்து இயக்கும் கருவிகளும் ‘கோல் எம்பயர்’ என்ற வீடியோ கேமும் இருந்தன. இந்தக் கேம் வருடாவருடம் செப்டெம்பரில் புதிதாக வரும். பெயர் மாறாது, பின்னாலுள்ள எண் மட்டும் ஒன்று கூடும். சபையின் ஆண்டறிக்கையும் அதே முறையில்தான் தயாரிக்கப்படுகிறது என்பதால், தலைவர் இராமகிருஷ்ணனுக்கு அந்தக் கேமைப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது.

திறப்பு விழா நடந்தது. திரைக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பாற்சோறும் கவும் பலகாரமும் பரிமாறினார்கள். தலைவர் கருவியைக் கையில் வாங்கி முதல் ஆட்டத்தைத் தொடக்கிவைத்து, தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்தார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு அவர் பேசினார்.

“நான் உதைபந்தாட்டம் ஆடியவனல்ல. பார்த்தவனும் அல்ல. அதனால்தான் இந்த விளையாட்டில் எனக்கு எந்தப் பாரபட்சமும் கிடையாது. இன்று முதல் நமது அணி இந்தத் திரைக்குள்ளும் இருக்கும். திரையில் இருக்கும் அணியும் திடலில் இருக்கும் அணியும் ஒன்றே. இதை நான் ஏற்கெனவே மேலிடத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன்.”

எழுத்தில் கொடுத்துவிட்டார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

அணியைத் திரைக்குள் ஏற்றும் வேலை ரிஸ்கானுக்குக் கொடுக்கப்பட்டது. ரிஸ்கான் மடவளைப் பையன். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தன். இந்தக் கேமைச் சின்ன வயதிலிருந்தே ஆடிவருகிறவன். அதில் நாமே அணி உருவாக்கலாம், ஆட்களுக்குப் பெயரும் முகமும் கொடுக்கலாம். முகங்களைத் தயாராக வைத்திருப்பார்கள், அவற்றிலிருந்து பொறுக்க வேண்டும். மோகனராஜுக்குப் பொருத்தமான முகம் அதில் இல்லை. மீசை வைத்த முகங்களில் கொஞ்சம் கறுப்பாக இருந்த ஒன்றை ரிஸ்கான் எடுத்துப் போட்டான். மோகனராஜ் திரையில் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தான்.

“யாருங்க தம்பி இது?”

“நீங்கதான் அண்ணன். வேற மொகம் இல்ல.”

“பரவாயில்லீங்க. நல்லாத்தான் இருக்கேன்.”

அதற்கு அடுத்த கூட்டத்தில், கேமின் நிறைகுறைகளைப் பற்றி அறிக்கை தருமாறு ரிஸ்கானிடம் கேட்டார்கள். அவன் நேர்மையான பையன், உள்ளதைச் சொன்னான். பந்தின் கனம் காலில் தெரிகிறது என்றான். ஈரப் புல்லில் அது வழுக்கிப் போகும் விதத்தைத் திரையில் பார்த்தால் நிஜம் தோற்றுவிடும். பேர்பெற்ற வீரர்களைத் தூரத்தில் நடக்கும் நடையிலேயே அடையாளம் கண்டுவிடலாம். கோல் விழப்போகிறது என்று தெரிந்தவுடன் கூட்டம் போடும் இரைச்சலில் உடம்பு சிலிர்க்கும். பெண்கள் அணிகளையும் சேர்த்திருக்கிறார்கள்.

“அப்போ குறை?” என்று தலைவர் கேட்டார்.

“குறையும் ஈக்கிது சேர். போன வருசக் கேமுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. நம்பரும் உடுப்பும்தான் மாறும். வர்ணனை செய்றவர் அதே பேச்சத்தான் திரும்பத் திரும்பப் பேசுவார். நல்ல ஆட்டக்காரன் வேணுமெண்டா கேமுக்குள்ள காசு கட்டிப் பெட்டி ஒடைக்கணும், உள்ளுக்கு யார் ஈக்கிறாண்டு ஒடச்ச பொறகுதான் தெரியும். புது வருசக் கேம் வந்தா பழையத கைவிட்டுருவாங்க.”

“இதெல்லாம் குறையா?” தலைவர் சிரித்தார். “சொன்னதையே சொல்வது உறுதி. நம்பரை மாற்றுவது முன்னேற்றம். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமல் ஆளை எடுப்பது நாமும் செய்வதுதான். வேறு?”

“ஒரு பெரிய பிழ ஈக்கிது சேர். கிட்டக் கம்பம்.”

பந்தை அடிக்கிறவனுக்குக் கோலின் இரண்டு கம்பங்களில் எது பக்கத்தில் இருக்கிறதோ அது கிட்டக் கம்பம். அந்தக் கம்பத்துக்கும் தனக்கும் நடுவே பந்து வராமல் பார்த்துக்கொள்வது கோல் காப்பாளன் கற்கும் முதல் பாடம். கேமில் வரும் காப்பாளர்கள் அந்தப் பாடத்தைக் கற்கவில்லை. தூரக் கம்பத்துக்குப் போகும் பந்தைப் பறந்து தட்டுவார்கள். கிட்டக் கம்பத்துக்கு மெதுவாக உருட்டிவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரிஸ்கான் திரையில் ஆடியே காட்டினான். மீசை வைத்த மோகனராஜ் அசையாமல் நிற்க, பந்து அவன் முழங்காலை உரசிக்கொண்டு உள்ளே போனது.

அதில் என்ன சிக்கல் என்று மண்டபத்துக்கு விளங்கவில்லை. முதலில் விளங்கிக்கொண்டவர் விசாரணைக் குழுத் தலைவி இராஜேஸ்வரி. “திடலில் மோகனராஜ் இந்தப் பந்தைப் பிடிப்பாரா?” என்று கேட்டார்.

பிடிப்பான் என்றார்கள்.

“அப்படியானால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றே என்று நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கணக்காய்வில் கேட்டால் என்ன சொல்வது?”

கேமைத் திருத்த முடியாது. அதைச் செய்த கம்பனி எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பதே சபைக்குத் தெரியாது. மேலிடத்துக்கு எழுதியதையும் திருத்த முடியாது, தலைவர் கையொப்பமிட்டுவிட்டார். திருத்தக்கூடியதாக மிஞ்சியிருந்தது மோகனராஜ் மட்டும்தான். மறுநாள் சுற்றுநிருபம் வெளிவந்தது. திரைக்கும் திடலுக்கும் வேறுபாடு இருத்தல் ஆகாது என்றும், கிட்டக் கம்பத்துப் பக்கமாக வரும் பந்துகளைக் காப்பாளர் தடுத்தல் கூடாது என்றும் அதில் மும்மொழிகளிலும் அச்சடிக்கப்பட்டிருந்தது.

மோகனராஜ் அதை வாசித்தான். யாரோ விளையாட்டுக்குச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தான். கலகெதர அணியோடு நடந்த ஆட்டத்தில், கிட்டக் கம்பத்துப் பக்கமாகக் குண்டு போல வந்த பந்தைப் பாய்ந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த சனம் கத்தியது. கலகெதரக்காரர்களே கைதட்டினார்கள். சபையின் மாடியில் ஓர் இளைஞர் அதே ஆட்டத்தைக் கேமில் ஆடிக்கொண்டிருக்க, திரையையும் திடலையும் மாறி மாறிப் பார்க்கவென்று நிறுத்தப்பட்டிருந்த உத்தியோகத்தர் பேனையை எடுத்தார்.

விசாரணைக்கு அவன் வெளுத்த சேர்ட் போட்டுக்கொண்டு போனான். இராஜேஸ்வரி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவனுக்குக் கதிரை இல்லை.

“பந்து எந்தப் பக்கமாக வந்தது?”

“கிட்டக் கம்பத்துப் பக்கமாங்க மேடம்.”

“சுற்றுநிருபம் கிடைத்ததா?”

“கெடச்சிச்சுங்க.”

“பிறகு ஏன் பிடித்தீர்கள்?”

“கைக்கு நேரா வந்துச்சுங்க மேடம். புடிச்சிட்டேன்.”

“யாரிடம் கேட்டுப் பிடித்தீர்கள்?”

“கேக்க நேரம் இல்லீங்களே.”

“நேரம் இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாமே! இந்தச் சபையில் நாங்கள் எல்லோரும் அப்படித்தானே இருக்கிறோம்?”

கடும் எச்சரிக்கை கொடுத்தார்கள். இன்னொரு தடவை பிடித்தால் அணியிலிருந்து விலக்கப்படுவான், நியமனத்தை மறந்துவிடலாம் என்று இராஜேஸ்வரி தன்மையாகவே சொன்னார். கெட்ட மனுஷி அல்ல அவர். வேலை போகும் என்ற செய்தியைச் சொல்லும்போது டீ வேண்டுமா என்றும் கேட்டார்.

அன்றிலிருந்து மோகனராஜ் பிடிக்காமல் இருக்கப் பழகினான். இது எவ்வளவு கஷ்டம் என்று கட்டடத்துக்குள் இருந்த யாருக்கும் தெரியாது. டிலானி நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். வேலை முடிந்து வந்ததும் பழைய சேலை ஒன்றைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்பாள். இடது பக்கமாக எறிவாள். அவன் கை தானாகப் போய்ப் பிடித்துவிடும்.

“புடிக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தானே எறியுறேன். அப்பவும் புடிக்கிறீங்களே!”

“நானா புடிக்கிறேன்? கை போகுது டிலானி.”

“புடிக்கத் தெரியும்னுதானே டீம்ல எடுத்தாங்க? இப்ப புடிக்காதன்னா என்னங்க அர்த்தம்?”

“அர்த்தமெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நிரந்தரம் கெடச்சதும் பழையபடி புடிச்சிக்கலாம். நீ எறி.”

அவள் எறிந்தாள். முதலில் கைகளை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தான், கட்டைப் பிரித்துக்கொண்டு கை வந்தது. தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தான், தோள் பாய்ந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். பந்து வரும்போது அதைப் பார்க்க வேண்டும், ஆனால் வீட்டுக்காரரின் முகத்தை நினைக்க வேண்டும். அப்போது கண் பார்த்துக்கொண்டே இருக்கும், கைக்குச் செய்தி போகாது. மழைக்காலம் முடிவதற்குள் அவன் அதில் தேர்ந்துவிட்டான். சேலைப் பந்து மார்பில் பட்டுக் கீழே விழும். அவன் மரம் மாதிரி நிற்பான். டிலானிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நல்லா வந்துட்டீங்க என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு சபை எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. விஷயம் மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. எதிரணிப் பையன்கள் ஓடி வியர்க்க வேண்டியதில்லை, கிட்டக் கம்பத்துக்கு நேரே உருட்டிவிட்டால் போதும். தெல்தெனிய அணி வந்த அன்று அவனுடைய தோட்டத்து ஆட்களே லொறி பிடித்து வந்திருந்தார்கள். நாலாவது கோல் விழுந்தபோது அவர்களில் ஒருவர், “மோகன், கையி முடியலையாப்பா? டாக்டர்கிட்ட காட்டுப்பா!” என்று நல்ல மனதோடு கத்தினார். மோகனராஜ் குனிந்து வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தான். அவமானம் என்றால் அதுதான் அவமானம். எனக்கு இதை எழுதும்போதும் அந்தச் சபையைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

சபைக்கோ அது பொற்காலம். திரையிலும் தோல்வி, திடலிலும் தோல்வி, இம்மி பிசகவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. விழா எடுத்தார்கள். தலைவர் மோகனராஜின் கழுத்தில் மாலை போட்டுவிட்டுப் பேசினார்.

“இவரைப் பாருங்கள். கண் முன்னால் பந்து போகிறது. இவருக்குத் தெரிகிறது. தடுக்கவும் முடியும். ஆனால் அசையவில்லை! இந்த நிலைக்கு வர எனக்கு இருபது வருட அரச சேவை தேவைப்பட்டது. இவர் ஒரு மழைக்காலத்தில் வந்துவிட்டார். ஒக்டோபர் கூட்டத்தில் இவருடைய நிரந்தர நியமனம் முதல் விடயமாக எடுக்கப்படும்.”

டிலானி துணிக்கடையில் சொல்லிச் சீலைத் துணி மலிவாக வாங்கி, புது வீட்டுக்கென்று ஜன்னல் திரை தைத்து வைத்தாள்.

செப்டெம்பரில் புதிய ‘கோல் எம்பயர்’ வந்தது. எண் ஒன்று கூடியிருந்தது. வீரர்களின் தலைமயிர் காற்றில் அசைந்தது. பழைய பதிப்பில் செய்த அணியைப் புதியதற்குக் கொண்டுபோக முடியாது என்பதால் ரிஸ்கான் எல்லாரையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. செய்துகொண்டிருக்கும்போதே எதையோ பார்த்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தான்.

“அண்ணன், திருத்தீட்டாங்க! கிட்டக் கம்பத்துப் பிழய திருத்தீட்டாங்க! கீப்பர் எல்லாத்தையும் புடிக்கிறான்!”

மோகனராஜ் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தான். “அப்ப நானும் புடிக்கலாமுங்களா?”

“புடிக்கலாம் இல்ல, புடிக்கத்தான் வேணும். சுற்றுநிருபம் அடிக்கிறாங்க!”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். முந்தைய சுற்றுநிருபம் இரத்துச் செய்யப்பட்டது. கிட்டக் கம்பத்துப் பக்கமாக வரும் பந்துகள் யாவும் தவறாமல் பிடிக்கப்பட வேண்டும் என்று புதியது சொன்னது. நியமனம் கொடுக்குமுன் திரையோடு திடல் ஒத்துப்போகிறதா என்று ஒரு பரீட்சை வைத்தார்கள். அவன் அதற்குப் பயிற்சி எடுக்கவில்லை. எதற்குப் பயிற்சி? பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் கை.

தலைவரும் இராஜேஸ்வரியும் கோலுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். அணியில் ஒரு பையன் பந்தை வைத்து, மோகன் அண்ணனுக்கு நல்லது நடக்கட்டும் என்று மெதுவாகவே அடித்தான். மோகனராஜ் பந்தைப் பார்த்தான். அது புறப்பட்டதும் தெரிந்தது, புல்லில் குதித்ததும் தெரிந்தது. முழங்காலை உரசிக்கொண்டு உள்ளே போனதும் தெரிந்தது. கை தொடையிலேயே இருந்தது.

“இன்னொன்னு அடி தம்பி” என்றான்.

இன்னொன்றும் போனது. அதற்கடுத்ததும் போனது. பையன் கடைசியில் பந்தைக் கையால் எறிந்தே பார்த்தான். மார்பில் பட்டு விழுந்தது. மோகனராஜ் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாடியிலிருந்த ரிஸ்கான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஒரு இயந்திரம் தன் பிழையை ஒரே வருடத்தில் திருத்திக்கொண்டுவிட்டது” என்றார் தலைவர் துக்கத்தோடு. “மனிதர்களால் முடியவில்லை. நமது நாடு ஏன் பின்தங்குகிறது என்று இப்போது விளங்குகிறது.”

“சேர், நீங்கதானே புடிக்காதன்னு சொன்னீங்க” என்றான் மோகனராஜ்.

அதற்கு இராஜேஸ்வரிதான் பதில் சொன்னார். “சொன்னோம். சுற்றுநிருபம் வந்தால் வாசித்தேன் என்று கையொப்பம் வைப்பார்கள். எல்லோரும் அவ்வளவுதான் செய்வார்கள். உண்மையாகவே பின்பற்றும்படி உங்களிடம் யார் சொன்னது?”

ஒக்டோபர் கூட்டத்தில் அந்த நியமனம், திரையில் மோகனராஜை இயக்கிய இளைஞருக்கு வழங்கப்பட்டது. அவர் கிட்டக் கம்பத்தில் ஒரு பந்தையும் தவறவிடவில்லை. அவர் தலைவரின் தங்கை மகன் என்பது தற்செயல் என்று கூட்ட அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது.

வருட முடிவில் அறையைக் காலி செய்தார்கள். கலகெதரவில் ஒரு கடைக்கு மேலே இடம் கிடைத்தது. ஜன்னல் இல்லாத இடம், தைத்த திரையை டிலானி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். மோகனராஜ் சபை வேலையை விட்டுவிட்டுக் கீழே கடையில் மூட்டை இறக்கினான். மூட்டை பிடிக்க வேண்டியதில்லை, முதுகில் ஏற்றிவிடுவார்கள்.

அங்கே தெருவிலிருந்து அறைக்கு ஏறப் படிக்கட்டு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பாணும் பருப்பும் வாங்கிக்கொண்டு வந்து, பையைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். நாலைந்து படி மேலே கஜனி நின்றாள். அவளுக்கு அப்போது மூன்று வயது நிறைந்திருந்தது. அந்த வயதில் பிள்ளைகளுக்கு உயரம் பிடிக்கத் தொடங்கும். கீழே அப்பா நின்றால் குதிக்கலாம் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. “அப்பா!” என்று கத்திச் சிரித்துக்கொண்டு, கைகளை விரித்து அவள் குதித்தாள்.

அவன் பார்த்தான். மஞ்சள் கவுன் காற்றில் உப்பியது தெரிந்தது, ஒரு செருப்பு கழன்றது தெரிந்தது, தன்னை நோக்கி வரும் முகமும் தெரிந்தது. கை தொடையிலேயே இருந்தது.

டிலானி மேலேயிருந்து ஓடிவந்து சீமெந்துத் தரையிலிருந்து பிள்ளையை அள்ளினாள். தாடையில் தோல் பிளந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், புண் ஆறிவிட்டது, தழும்புகூட மங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். மோகனராஜ் பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தன் கைகளை அவள் முதுகுக்கு அடியில் வைத்து வைத்து எடுத்தான்.

இப்போது கஜனி குதிப்பதில்லை. அப்பா கீழே நின்றால், சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறாள். கடைசிப் படிக்கு வந்ததும் நின்று, இறக்கிவிடச் சொல்லி அம்மாவைக் கூப்பிடுகிறாள்.